கடைசிப் பத்து லிட்டர்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் சோமசேகரன் சார் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டார். ஒரு சிலிண்டர் வாயுவில் எத்தனை பலூன் ஊதலாம் என்ற கணக்கு. எல்லாவற்றையும் ஊதிய பிறகும், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒரு சிலிண்டர் கொள்ளும் வாயு உள்ளேயே தங்கிவிடும், வெளியே வராது. அதை நான் கழிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகியும் அந்த ஒரு மார்க் எனக்கு ஆறவில்லை.

சாருக்கு இப்போது நுரையீரல் கெட்டு, நெரவி வீட்டில் ஆக்சிஜனோடு இருக்கிறார். நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அவர் மகளுக்குப் புதுச்சேரியில் நிச்சயதார்த்தம்; என் காரில்தான் பயணம்.

"இன்னொரு சிலிண்டர் வச்சுக்குவோம் சார்."

"டிக்கியில சீர்த்தட்டு இருக்கு சஃப்வான். கணக்குப் போட்டாச்சு."

சிலிண்டர் மீட்டரில் அழுத்தம் நூற்றிருபது. வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றைச் சேர்த்து நூற்றிருபத்தொன்று என்றார். பத்து லிட்டர் சிலிண்டர். அழுத்தம் ஒன்றாக இறங்கும்போது அதுவே ஆயிரத்து இருநூற்றுப் பத்து லிட்டராக விரியும். அவருக்கு நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர்.

"பத்து மணி நேரம் அஞ்சு நிமிஷம். ஒம்பதுக்குக் கெளம்பி ஏழு அஞ்சுக்கு வீடு."

ஒன்றைச் சேர்த்த மனுஷன் கடைசிப் பத்து லிட்டரைக் கழிக்கவில்லை. மீட்டர் காட்டியதை அப்படியே பெருக்கியிருந்தால் சரியாக வந்திருக்கும். நான் வாய் திறக்கவில்லை. என் சீட்டுக்கு அடியில் சின்ன சிலிண்டர் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டேன். கணக்கு தப்பும்போது அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டியதைப் போகவர மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

திரும்பும்போது ஏழு மணிக்கு, வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில், அரசலாற்றுப் பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றோம். சிலிண்டர் மீட்டரில் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"என்னங்க, காத்து வரலியே," என்றார் சாரின் மனைவி பங்கஜவல்லி.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு..." என்ற சாருக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமானது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சீட்டுக்கு அடியிலிருந்த சிலிண்டரை எடுத்துக் குழாயை மாற்றி மாட்டினேன். அவருக்கு மூச்சு திரும்பியதும் எனக்கு அழுகை வந்தது. பாழாய்ப்போன ஒரு மார்க்குக்காக நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கடைசிப் பத்து லிட்டர் உள்ளயே தங்கிடும் சார். காலையிலயே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

சார் கண்ணை மூடி ஒருமுறை கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

"அந்தப் பலூன் கணக்குல உனக்கு ஒண்ணு கழிச்சேன்ல?"

"ஆமா சார்."

"நல்லவேளை, கழிச்சேன்," என்றார்.