தெற்கு வாசலின் அகலம்

சவப்பெட்டி சர்ச்சின் தெற்கு வாசலில் இடித்து நின்றது. உள்ளே ஊரே எழுந்து நிற்க, ஆர்கன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்தவரின் மனைவி மியூரியல் பல்லைக் கடித்தாள்.

"கொஞ்சம் பின்னாடி எடுங்கப்பா," என்றார் அடக்க ஏற்பாட்டுக்காரர் டாப்சன். எடுத்தார்கள். மறுபடி நுழைத்தார்கள். பெட்டியின் பிரம்புக் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் கல்லில் உரசின. ம்ஹூம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்த சர்ச்சைக் கட்டிய பழைய இங்கிலாந்தின் சாக்சன்காரர்களுக்கு உயரத்தில் இருந்த தாராளம் அகலத்தில் இல்லை. ஆள்மேல் ஆள் ஏறிப் போகலாம், இருவர் சேர்ந்து போக முடியாது. அதனால் ஹாரோபி ஊரில் யார் செத்தாலும் முதலில் வாசலை அளப்பார்கள், பிறகுதான் ஆளை. சர்ச்சைப் பராமரிக்கும் வார்டனாக இருந்தவரை அந்த அளவை எல்லோருக்கும் சொல்லி அனுப்பியது லயனல்தான். அதே லயனல், கடைசி மாதங்களில் படுத்த படுக்கையாக இருந்தபோது, மண்ணோடு மட்கும் பிரம்புப் பெட்டிதான் வேண்டும் என்று தானே பார்த்து வாங்கி வைத்திருந்தார். நீளத்தைத் தன் உடம்புக்குச் சரிபார்த்தவர் அகலத்தைப் பற்றி யோசிக்கவேயில்லை. செத்தும் படுத்துகிறாரே இந்த மனுஷன் என்று மியூரியலுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுபோயிருந்தது.

"கைப்பிடிய அறுத்துட்டா?" என்று கேட்டாள்.

"பின்னலே அதுலதான் நிக்குது மேடம். அடி விட்டுடும். வேணும்னா பக்கவாட்டுல சாய்ச்சு..."

"சாய்ச்சு? அவர் உள்ள உருள்ற சத்தத்த நான் கேக்கணுமா?"

லயனலின் தம்பி கீத் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தான். கட்டட வேலைக்காரன். "அண்ணி, வேன்ல உளி இருக்கு," என்றான் மெதுவாக. "வாசக்கல்ல ரெண்டு விரல் அகலம் கொத்துனா போதும். ஒரு நிமிஷ வேல."

சர்ச்சுக்குள்ளிருந்து போதகர் பிலிப்பா எட்டிப் பார்த்தார். மேலிடத்து அனுமதியில்லாமல் இங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. "நான் எதையும் பாக்கல," என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் மியூரியலைப் பார்த்தார்கள். அவள் வாசலுக்கு வெளியே இருந்த முகப்பு மண்டபத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அக்கா எனிட், சக்கர நாற்காலியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியும் இந்த வாசலில் நுழையாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், "நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்பாள். ஞாயிறுதோறும் அங்கேயே இருந்து, திறந்த கதவு வழியாகப் பிரசங்கம் கேட்பாள். வாசலைச் செதுக்கலாமா என்று சர்ச்சுக்குள் நடந்த ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தபோது லயனல் எழுந்து, "கல்லு இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கும். எனிட் எத்தன வருஷம் இருப்பா?" என்று கேட்டார். அதையும் எனிட் வெளியிலிருந்து கேட்டாள். அன்றிரவு மியூரியல் அவருக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் சூப் ஊற்றினாள். அதைத் தவிர அவள் என்ன செய்தாள்? ஒன்றுமில்லை.

"அண்ணி, உளிய எடுக்கவா?"

"வேணாம்."

"அண்ணன உள்ள கொண்டு போகணுமே!"

"உசுரோட இருக்குறவளுக்குக் குடுக்காத ரெண்டு விரல, செத்தவருக்கு மட்டும் குடுக்கணுமா?" அவள் தரையைக் காட்டினாள். "எறக்குங்க. இங்கயே இருக்கட்டும்."

சுமந்த நால்வரும் தயங்கித் தயங்கிப் பெட்டியைக் கல் தரையில் இறக்கினார்கள். வெளியே தூறல் வலுத்திருந்தது.

"அங்க வேணாம் கீத்," என்றாள் எனிட். "அந்தப் பக்கம் சாரல் அடிக்கும். எனக்குத் தெரியும்." சக்கரத்தைப் பின்னால் தள்ளி இடம் விட்டாள். "இப்படித் தள்ளு. இன்னும் கொஞ்சம். ம்."

பெட்டி அவள் முழங்காலருகே வந்து நின்றது. எனிட் தன் கம்பளியில் பாதியை இழுத்து அதன்மேல் போட்டாள். உள்ளே பாட்டு தொடங்கியது.