குடும்பத்துக்குப் போன கவி

காத்தான்குடியில் றிஸ்லாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கத்தாரில் இருக்கும் புருசன் மின்ஹாஜுக்குக்கூட அவள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் 'ஓம்', 'சாப்பிட்டன்', 'மழை' என்று ஒற்றைச் சொல்தான். மருந்துச் சீட்டுக்கூட இதைவிட நீளம் என்று போன கிழமை அவன் நையாண்டி பண்ணினான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மூன்று நாள் யோசித்து ஒரு கவி கட்டினாள். இன்று காலை அடுப்பை அணைத்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள் மெல்லப் பாடினாள்:

வாவிக் கரையில வல காயுது மச்சான்
வாசல்ல ஒங்கட செருப்பும் காயுது
கத்தார் வெயில்ல நீங்களும் காயுறீங்க
கண்ணு ரெண்டும் எனக்கு மட்டும் காயல்ல

அனுப்பிய பிறகுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். 'மின்ஹாஜ்' அல்ல, அதற்கு அடுத்திருந்த 'மின்ஹாஜ் குடும்பம்'. மாமனார், மாமி, நாலு மதினிமார், சம்மாந்துறைச் சாச்சா என்று நாற்பத்தொரு பேர் உள்ள குறூப். பதறிப்போய் அழித்தாள். அழிந்தது அவளுடைய போனில் மட்டும். எல்லோருக்கும் அழிக்கிற பொத்தான் அதற்கு மேலே இருந்திருக்கிறது. இனி அந்தக் கவி அவள் ஒருத்திக்குத்தான் கேட்காது.

டேட்டாவை நிறுத்தி, போனை அரிசி வாளிக்குள் புதைத்து மூடினாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி ஸகியா வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். சும்மா வருகிறவர் அல்ல. றிஸ்லா தேத்தண்ணியை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றாள். மாமி பாதிக் கோப்பையைக் குடித்து முடித்தார். பிறகு, மகன் காலையிலிருந்து தனக்கு நாலு தரம் போனில் கோல் எடுத்துவிட்டான் என்றார். பதில் கவி ஒன்று கட்டித் தரச்சொல்லி உம்மாவைக் கெஞ்சுகிறானாம்.

"கட்டிக் குடுத்தீங்களா மாமி?"

"நான் ஏன் குடுக்க? அவன்ட பொஞ்சாதிக்கு அவன்தான் கட்டணும். போன எடு மகள், என்னமோ போட்டிருக்கான்."

அரிசிக்குள்ளிருந்து போன் வெளியே வந்ததை மாமி பார்த்தார், கேட்கவில்லை. டேட்டாவைப் போட்டதும் குறூப் முழுக்க இதயக்குறிகள் வந்து குவிந்தன. அவற்றுக்கடியில், நாற்பத்தொரு பேர் முன்னால், மின்ஹாஜின் குரல்:

காயாத கண்ண நான் தொடைக்க வாறன்
கம்பனிக்கு லீவுக் கடிதம் குடுக்கப் போறன்

அதற்குமேல் ஒரு இருமல்தான் வந்தது. மிச்சம் நாளைக்கு என்று சொல்லி நிறுத்திவிட்டான்.

"பாதியில நிண்டுட்டான்," என்றார் மாமி. "நீ அடுத்தத கட்டு மகள். அதையும் குடும்பத்துக்கே அனுப்பு. அப்பதான் அவன் முடிப்பான்."

மின்ஹாஜின் பெயருக்குப் போன விரல் ஒரு கணம் நின்றது. பிறகு றிஸ்லா அடுத்த பெயரைத் தொட்டாள். இந்த முறை குசினிக் கதவைச் சாத்தவில்லை.