தண்ணீர் என்றுதானே சொன்னீர்கள்

சீலா தன் கணவன் பேணாட்டை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த அன்று, கட்டிலில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுத் தாதி மிஸ்ஸி சொன்னாள்: "ஒரு நாளைக்கு இதுக்கு மேல தண்ணி குடுக்காதீங்கோ." சீலா வாய் திறப்பதற்குள் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சிறுநீரகம் பழுது என்பதைத் தவிர சீலாவுக்கு வேறொன்றும் தெரியாது. இலங்கைத்துறை மீனவக் கிராமத்திலிருந்து நோயாளியோடு வந்தவளுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தார்கள் போலும்.

அந்தப் போத்தலை அவள் காவல் காத்தாள். கடலில் வெயில் குடித்துப் பழகிய மனிதன் நாக்கு வறண்டு கெஞ்சினான். "ஒரு மிடறு தா சீலா. ஆருக்கும் தெரியாது." அவள் துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டாளே தவிர, அளவுக்கு மேல் கொடுக்கவில்லை. "நீயென்ன எனக்கு எதிரியே?" என்று கேட்டுவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் விறாந்தைக்குப் போய் அழுதுவிட்டு வந்து மறுபடியும் கட்டிலருகில் இருந்தாள்.

அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் அவளுக்கு இளநீர் ஞாபகம் வந்தது. தண்ணீரைத்தானே வேண்டாம் என்றார்கள்? இளநீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும், சிறுநீரை இறக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செவ்விளநீர் வாங்கி வந்து, எல்லோரும் பார்க்கத்தான் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கு ஈடாகப் போத்தல் தண்ணீரையும் குறைத்தாள். பேணாட் முகம் மலர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தடுத்த நாளும் கொடுத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

பிறகு ஒரு காலை, கால்களைத் தூக்க ஏலாது என்றான் பேணாட். சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஓடி வந்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு வாட்டோடு சேர்ந்திருந்த இரத்தம் சுத்திகரிக்கும் அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. சீலா செபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு செபமும் வாயில் வரவில்லை.

கட்டில் நின்ற இடத்தில் இளநீர்க் கோம்பையைக் கண்ட மிஸ்ஸி அவளிடம் வந்தாள்.

"இளநீர் குடுத்தனீங்களோ? மனிசனைக் கொல்லவே பாத்தனீங்கள்? படிக்காத சனத்தோட எங்களுக்குப் பெரிய கரைச்சல்!"

வாட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கொன்றுவிட்டேனா என்ற ஒரே எண்ணம்தான் சீலாவுக்கு. கூனிக் குறுகி நின்றாள்.

பேணாட் பிழைத்தான். பின்னேரம் வாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த பிறகு கண் திறந்து அவளைப் பார்த்தான். அப்போதுதான் டொக்டர் தனஞ்சயன் வந்தார். நாடி பார்த்தபடியே, அவளை நிமிர்ந்து பாராமல் கேட்டார்:

"சொன்னதைக் கேக்கத் தெரியாதா உங்களுக்கு?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அந்தக் கேள்வியில் உடைந்தது.

"கேட்டனான் டொக்டர். சொன்னதை அப்பிடியே கேட்டனான். போத்தலுக்கு மேல தண்ணி குடுக்க வேண்டாமெண்டீங்கள். இந்த மனிசன் கையெடுத்துக் கும்பிட்டும் நான் குடுக்கேல்ல. இளநீர் குடுக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது? எல்லாருக்கும் முன்னால வைச்சுத்தான் குடுத்தனான். ஏன் தண்ணி கூடாதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இளநீர் குடுக்கலாமோ எண்டு நான் கேட்டிருப்பன். ஒண்டும் சொல்லாம விட்டுப்போட்டு, இப்ப படிக்காத சனமெண்டு ஏசுறீங்கள்!"

மிஸ்ஸி ஏதோ சொல்ல வந்தாள். டொக்டர் கையால் தடுத்தார். நாடியிலிருந்து கையை எடுத்து, முதல் முறையாக அவளைப் பார்த்தார்.

"சிறுநீரகம் வேலை செய்யாட்டி, குடிக்கிற தண்ணி வெளியில போகாது. உடம்பில தேங்கும், நுரையீரலுக்கையும் போகும். அதுக்குத்தான் தண்ணியைக் குறைக்கச் சொன்னது. இளநீரில பொட்டாசியமெண்டு ஒரு உப்பும் நிறைய இருக்கு. அதுவும் வெளியில போகாம இரத்தத்தில கூடினா இதயத்தை நிப்பாட்டிப்போடும். காலமை நடந்தது அதுதான்."

சீலா யோசித்தாள். "அப்ப கஞ்சி, சொதி எல்லாம்? அதுவும் தண்ணிதானே?"

"ஓம். அதையும் சேத்துத்தான் பாக்க வேணும்."

"அந்த உப்பு வேற எதில இருக்கு? வாழைப்பழத்தில?"

"இருக்கு. நிறையவே இருக்கு."

அவள் காலையில் கொண்டுவந்து வைத்திருந்த வாழைப்பழங்களை அலுமாரியிலிருந்து எடுத்து டொக்டருக்கு முன்னால் வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா டொக்டர்? இதைச் சொல்லவா நேரமில்லாமப் போனது?"

காரணம் தெரிந்தால் ஆறும் என்று அவள் நினைத்த கோபம், அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தபோது இன்னும் மூண்டது. இரண்டு வார்த்தைப் பேச்சு. அது இல்லாமல் பேணாட்டின் நெஞ்சு நின்றுபோகப் பார்த்தது.

டொக்டர் போன பிறகு அவள் எல்லாவற்றையும் பேணாட்டுக்குச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"நுரையீரலுக்கையா போகும்? கடல்ல மூழ்கிப் போற மாதிரியே?"

"ஓம்."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்ல? என்ர உடம்புதானே இது. தெரிஞ்சிருந்தா உன்னட்டத் தண்ணி கேட்டிருப்பனே? உன்னை எதிரியெண்டு சொல்லியிருப்பனே?" அவன் கண்கள் கலங்கின. அன்றைக்கு அவன் தண்ணீர் கேட்கவில்லை. தாகம் எடுத்தபோது துணியைத் தானே எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவருக்கும் சிறுநீரகம்தான். மகள் றஹ்மா சாப்பாட்டுப் பையோடு நின்றாள். டொக்டர் தனஞ்சயன் வந்து பார்த்தார்.

"தண்ணியைக் குறைச்சுக் குடுங்கோ," என்றுவிட்டு நடந்தார்.

சீலா எழுந்தாள். "டொக்டர்! ஏனெண்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"பின்னேரம் வந்து விளங்கப்படுத்துறன் அம்மா. இன்னும் வாட்டுப் பாக்க இருக்கு."

"பின்னேரம் வரைக்கும் அந்தப் பிள்ளை வாப்பாவுக்கு ஒண்டும் குடுக்காம இருக்குமே? அந்தப் பையுக்க என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

மிஸ்ஸி சீலாவை முறைத்தாள். சீலா உட்காரவில்லை. றஹ்மா பையைத் திறந்தபடி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள்.

டொக்டர் வாசலிலிருந்து திரும்பி வந்து, ஒரு கதிரையை இழுத்து றஹ்மாவுக்கு முன்னால் போட்டு அமர்ந்தார்.