பதினாறு வரி

எறும்பு சாவியைக் கேட்டு எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கடிதம் மூன்றே வரி. "மேடம், இரண்டு வருடமாக உங்களோடு வேலை செய்கிறேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்கள் ஒருவரே கையெழுத்துப் போட்டு அல்லாட வேண்டாம். எனக்கும் ஒரு சாவி கொடுத்தால் பாரம் குறையும்."

பொதிக்காரி அதை நாலு தரம் படித்தாள். முதல் மூன்று தரம் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது தரத்தில் சந்தேகம் முளைத்தது.

பொதிக்காரி என்பது புகுந்த வீட்டில் வைத்த பட்டப்பெயர். நீர்வழங்கல் அலுவலகத்தில் கணினிப் பிரிவு வேலை அவளுக்கு. அது போக, ஏழு வருடமாக 'பொதி' என்று ஒன்றை எழுதிக் காப்பாற்றி வந்தாள். பெரிய கோப்பைச் சுருக்கிச் சின்னதாக்கும். கேட்டால் விரித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிக் கொடுக்கும். மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. மூல நிரலைத் திறந்த வீடாகப் போட்டிருந்தாள்; யாரும் வந்து படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் திருத்தங்களைச் சேர்த்து, 'இது நான் கொடுத்ததுதான்' என்று முத்திரை குத்தி வெளியே விடும் சாவி மட்டும் ஒன்றே ஒன்று. அது அவளிடம். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிகளும் நூலகங்களும் கண்ணை மூடிக்கொண்டு பொதியைத் தங்கள் இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டன. தப்பான ஆள் கையில் சாவி போனால், அத்தனை இயந்திரங்களிலும் திருடன் நுழையப் பின்கதவு வைத்த மாதிரி.

எறும்பு யார்? கணக்குத் திறந்தபோது போட்ட பெயரே 'எறும்பு'. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. இதுவரை இருநூற்றுப் பதின்மூன்று திருத்தம். எல்லாம் பொடிப் பொடி. எல்லாமே மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வந்தவை. ஒரு நாள் கூட எதிர்த்து ஒரு சொல் எழுதியதில்லை.

"என்ன, எறும்பு கடிச்சிருச்சா?" என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்த்து.

"சாவி கேக்குது."

"கொடுத்துட்டுப் போயேன். ரெண்டு வருஷமா ஓசியில உழைக்குது, பாவம்."

"அதாங்க பயமா இருக்கு. சம்பளமும் இல்லாம இவ்வளவு பணிவா இருக்கிற ஆளை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"ஏன், கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. எறும்புக்கு இப்படிப் பதில் எழுதினாள்: "சாவியைப் பிறகு பார்க்கலாம். இந்தத் தடவை வெளியீட்டை நீங்களும் உங்கள் பக்கம் கட்டி அனுப்புங்கள்."

பொதியில் அது ஒரு வழக்கம். ஒரே மூல நிரலை இரண்டு பேர், இரண்டு இயந்திரத்தில், தனித்தனியாகக் கட்ட வேண்டும்; அதாவது, இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டும். வரும் இரண்டு கோப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு பைட்டு கூட விலகக் கூடாது. விலகினால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்து, இரண்டையும் ஒப்பிட்டாள். ஓரிடத்தில் விலகியது.

"மாட்டினியா!" என்றாள் வாய்விட்டு.

விலகிய இடத்தைத் திறந்தாள். பின்கதவு எதுவும் இல்லை. நிரல் எந்தக் கோப்புறைக்குள் இருந்து கட்டப்பட்டதோ, அந்தக் கோப்புறையின் முழுப் பாதையையும் இயந்திரம் தன்பாட்டுக்கு உள்ளே எழுதி வைத்துவிடும். கவனமானவர்கள் அதை அழித்துவிட்டுத்தான் கட்டுவார்கள். எறும்பு இந்த முறை அழிக்க மறந்திருந்தது. பாதையில் முதலில் 'எக்ஸ்ரே ஆவணப் பிரிவு, அடித்தளம்' என்று இருந்தது. அடுத்து, அந்த இயந்திரத்துக்குள் நுழைந்தவரின் பெயர். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இது நம்ம..."

"உங்க தங்கச்சியேதான்."

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மேசையில், எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "அண்ணி, புதுசா வந்த மெஷின்ல எடுக்கிற படத்தைப் பொதியில போட்டு விரிச்சா, அடியில பதினாறு வரி கறுப்பா வருது." பொதிக்காரிக்குச் சுருக்கென்றது. "பொதியில ஒண்ணும் இல்ல. உனக்குப் படத்தை ஒழுங்கா காப்பி பண்ணத் தெரியலைன்னு சொல்லு" என்றுவிட்டாள். யாரோ சிரித்தார்கள். நாத்தனார் கையை உதறிக்கொண்டு எழுந்து போனவள்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவள் எதற்கு வேறு பெயரில் வந்து, இரண்டு வருடம் மேடம் மேடம் என்று வால்பிடித்து, சாவி கேட்கிறாள்?

வேற்றாள் என்று நினைத்தவரை ஓரளவு நம்ப முடிந்தது. சொந்தக்காரி என்று தெரிந்ததும் துளியும் முடியவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று திருத்தத்தையும் ஒன்றிலிருந்து மறுபடி படிக்க உட்கார்ந்தாள் பொதிக்காரி. முன்பு மேய்ந்த மாதிரி இல்லாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

ஏழாவதிலேயே கல் கிடைத்தது. தலைப்பு, 'இடைவெளிச் சீரமைப்பு'. அறுபது வரியில் வெறும் இடைவெளி மாற்றம். நடுவில் ஒரே ஒரு வரியில் 'சிறியது' என்றிருந்த நிபந்தனை 'சிறியது அல்லது சமம்' ஆகியிருந்தது. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. கீழே ஒப்புதல் கையெழுத்து அவளுடையது. இடைவெளிதானே என்று படிக்காமல் போட்டது.

அந்த வரியைப் பழையபடி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். பொதி எந்தக் கோப்பையும் அறுபத்து நாலு கிலோபைட்டுத் துண்டுகளாக வெட்டித்தான் சுருக்கும். மீதி இல்லாமல் சரியாக வெட்டுப்படும் ஒரு கோப்பை உண்டாக்கி, சுருக்கி, விரித்தாள்.

பழைய வரியில் கடைசித் துண்டைக் காணோம்.

அது போதாதென்று, கோப்பு முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் 'சரி' என்றே காட்டியது. உள்ளே போன துண்டுகளை மட்டும் எண்ணியதால், போகாத துண்டு அதற்குத் தெரியவே இல்லை. அந்த எக்ஸ்ரே மெஷினின் படம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு வரி, வரிக்கு நாலு கிலோபைட்டு. கடைசித் துண்டு என்பது, காகிதத்தில் கணக்குப் போட்டாள், பதினாறு வரி.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன்."

"நம்பர் இன்னும் அழிக்கலை அண்ணி. அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார். ஏழாவது திருத்தம் யாரோடது?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆபீஸ் மெஷின்ல கட்டினியே, பாதையை அழிச்சியா?"

"ஐயோ!" என்றவள் சிரித்துவிட்டாள். "வீட்டு மெஷின் படுத்துருச்சு. அவசரத்துல..."

"சிரிக்காதே. ஒரு வரியை அறுபது வரிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கியே, இது திருட்டு வேலைன்னு தெரியாது உனக்கு?"

"நேரா அனுப்பியிருந்தா சேத்திருப்பீங்களா? என் பேரைப் பாத்ததுமே தூக்கிக் கடாசியிருப்பீங்க."

"அதுக்காக வேற பேர்ல வந்து வேவு பாப்பியா?"

"கோபத்துலதான் வந்தேன், ஒத்துக்கறேன். எட்டுப் பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டினீங்களே, அதே மாதிரி உங்க மூக்கை உடைக்கணும்னு. மதியச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து நிரலைப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க, அண்ணி. படிக்கப் படிக்க விட முடியலை. கடைசியில அந்த இடம் கண்ணுல பட்டுச்சு. ஊரைக் கூட்டிச் சொல்ல மனசு வரலை. சத்தமில்லாம மாத்திட்டேன். சாவி கேட்டதும் நிஜமாவே உங்க பாரம் குறையட்டும்னுதான்."

ஆனாலும் பொதிக்காரிக்குச் சந்தேகம் அடங்கவில்லை. அது வேறு பக்கம் திரும்பியது.

"உங்க படமெல்லாம் என்னாச்சு?"

"மெஷின் வந்து ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சு. மூலப் படம் அத்தனையும் இருந்தது. ஒண்ணு விடாம திருப்பிப் போட்டுட்டேன்."

"சரி. மத்தவங்களுது?"

"மத்தவங்களுதுன்னா?"

"பழைய பொதியில சுருக்கினவங்களுக்கு யார் சொன்னா? நீ சொன்னியா?"

"சொன்னா உங்க பேரு கெட்டுப்போயிடுமேன்னு..."

"ரெண்டு வருஷம்டி!"

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இருக்கே, அண்ணி. நான் சாப்பாட்டு மேசையில சொன்னேனே."

பொதிக்காரி போனை வைக்காமலே எழுத ஆரம்பித்தாள். தேதி, எந்த வெளியீட்டிலிருந்து எந்த வெளியீடு வரை, எந்த அளவுக் கோப்புகளில் கடைசித் துண்டு தொலைந்திருக்கும், எப்படிச் சோதிப்பது. ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். கடைசியில்: "தவறு என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் எடுத்துச் சொல்லியும் நான் கேட்கவில்லை."

"மறைச்சது நான்னு என் பேரோட போடுங்க" என்றாள் நாத்தனார். "எறும்புன்னு வேண்டாம். சொந்தப் பேரைப் போடுங்க."

போட்டாள். கணவர் எட்டிப் பார்த்து, "ஒரே கடிதத்துல ரெண்டு பேர் மானத்தையும் கப்பலேத்தியாச்சு" என்றார். குரலில் கேலி இல்லை. பொதிக்காரி சாவியைப் போட்டு முத்திரையிட்டு, பொதியைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் அனுப்பினாள்.

முதல் பதில் அரை மணி நேரத்தில் வந்தது. ஏதோ ஒரு நூலகம். பழைய கையேடுகளைப் படமெடுத்துச் சுருக்கி வைத்திருந்தார்களாம். சோதித்ததில் நாற்பத்தொன்று தேறவில்லை. அவற்றில் ஒன்பதின் காகிதம் இப்போது இல்லை, செல்லரித்துவிட்டது. "எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் மறுபடி எடுத்திருப்போம்" என்று மட்டும் எழுதியிருந்தார் நூலகர். ஒரு திட்டுக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாத்தனாரும் அதைப் படித்திருக்க வேண்டும். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணி, இவருக்கு நான் பதில் எழுதட்டுமா?"

"எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு."

"இன்னும் நம்பலையா என்னை?"

"நம்பலை. சாவியும் இப்போ கிடையாது." பொதிக்காரி எட்டாவது திருத்தத்தைத் திறந்தாள். இன்னும் இருநூற்று ஆறு பாக்கி. "நீயும் என்னை நம்பாதே. நான் ஏழு வருஷமா எழுதினதை எல்லாம் முதல் வரியிலேருந்து எடுத்துப் படி. ஏதாவது கிடைச்சா ஒளிக்காம, என் பேரைப் போட்டு, எல்லார் முன்னாடியும் கேளு."

"எப்போ ஆரம்பிக்கறது?"

"இன்னைக்கு உனக்கு மதியச் சாப்பாடு ஆச்சா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டு ஆரம்பி."