கைப்பிடி எந்தப் பக்கம்

எழுந்தான். பல் விளக்கினான். டீ போட்டுக் குடித்துவிட்டு, கப்பைக் கழுவிக் கவிழ்த்தான். வாசலில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தன. பெரியதை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனான்.

மற்ற மாடுகள் நிம்மதியாக அசைபோட்டன. சீமாட்டிக்குத்தான் தலைக்கு மேல் கத்தி. மனைவி கன்றிலிருந்து வளர்த்த மாடு. மடியில் வீக்கமில்லை, தீனியில் குறையில்லை, பாலும் பால் மாதிரியே இருந்தது. ஆனால் சோதனையில் ஒரு காம்பின் பால் மட்டும் கெட்டிப்பட்டது. வெளியே தெரியாத நோய் என்றார் மாட்டு டாக்டர். இதே வார்த்தையைப் போன வருஷம் மனிதர்களைப் பார்க்கிற டாக்டரும் சொல்லியிருந்தார். காம்புக்குள் மருந்து ஏற்றிப் பார்த்தாயிற்று, மறுபடியும் ஏற்றிப் பார்த்தாயிற்று. இன்றும் கெட்டிப்பட்டால் மாடு அடிமாட்டு லாரிக்கு.

கொழுந்தியாள் தூணில் சாய்ந்து நின்றாள். பண்ணையில் பாதிதான் அவளுக்கு. வாய் மட்டும் முழுசு.

"மூஞ்சியப் பாத்தா நீங்கதான் லாரி ஏறப்போற மாதிரி இருக்கு மாமா."

"எடம் இருந்தா சொல்லு."

காம்புகளைத் துடைத்தான். முதல் பீச்சலைத் தரையில் விட்டு, நாலு குழியும் ஒரு கைப்பிடியும் கொண்ட சோதனைத் தட்டில் காம்புக்கு ஒரு குழியாகக் கறந்தான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஊதா மருந்தை ஊற்றிச் சுழற்றினான். மூன்று குழிகளில் தண்ணீராக ஓடியது. நாலாவதில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு நின்றது. அந்தக் குழியின் ஓரத்தில் மனைவி நகப்பூச்சால் எழுதியிருந்தாள்: பின் வலது. அவள் இருந்தவரை இந்தச் சோதனை அவள் வேலை.

"அதே காம்பா?"

"அதேதான்."

"அப்ப வியாபாரிய வரச் சொல்லிடறேன்." போனை எடுத்தவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அம்மா நச்சரிக்கிறாங்க. அக்கா கடைசியா உங்ககிட்ட என்னதான் சொன்னா?"

"நல்லா இருங்கன்னு சொன்னா."

"அக்காவா? போங்க மாமா. அவ யாரையும் அவ்வளவு சுளுவா விட மாட்டா."

அவன் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அதைக் கழுவிக்கொண்டு சீமாட்டியிடம் திரும்பினான். எப்போதும்போல் கைப்பிடியை மாட்டின் தலைப் பக்கம் வைத்து மடிக்குக் கீழே பிடித்தான். அதுதான் அவன் கைக்கு வாகு. முதல் தடவையாக அங்கேயே குனிந்து எழுத்தைப் படித்தான். 'பின் வலது' என்ற குழிக்கு நேர் மேலே தொங்கியது முன் இடது காம்பு.

"இத்தன நாளா நல்ல காம்புக்கு வைத்தியம் பாத்திருக்கேன்."

"காலேஜ் படிச்ச கை!" என்றாள். ஆனாலும் போனை உள்ளே வைத்தாள். "ஒரு வாரம். அதுக்கு மேல என்னால முடியாது."

அவன் மருந்துக் குழாயை எடுத்துக்கொண்டு முன் இடது காம்பருகே உட்கார்ந்தான்.

"நெசமா என்ன சொன்னா மாமா?"

"ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப, குனியச் சொன்னா. குனிஞ்சேன்."

காம்பைத் துடைத்து முடித்தான். பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னான்:

"கைப்பிடி வால் பக்கம் இருக்கணும். நீங்க மாத்தித்தான் புடிப்பீங்க, எனக்குத் தெரியும்."