ஈஸ்ட் போடாமல் உப்பிய அப்பம்

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறன்று, தேவாலயத் திருவிருந்துக்கான அப்பம் ஈஸ்ட் போடாமலேயே நான்கு விரல் உயரத்துக்கு உப்பியது. மாவு, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவுதான் அதில். பதினான்கு வருஷமாக அதைச் சபைக்குச் சுட்டுத் தந்த பேக்கரிக்காரி, வழக்கம்போல மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் அப்பம் குழந்தைத் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தது. வேறு சுட நேரமில்லாததால் அதையே துணியில் சுற்றி எடுத்துப் போனாள். ருசி நன்றாகத்தான் இருந்தது என்று முன்வரிசைக்காரர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புளிப்பில்லா அப்பம் என்று சொல்லிவிட்டு இப்படி ஒன்றைக் கொடுத்தால் எந்தச் சபை சும்மா இருக்கும்?

காரணம் அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தான் செய்கிற ஜெபத்தை யாரும் கேட்கவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது போகவில்லை. சபைச் செயலாளர் விசாரிக்க வந்தபோது, "சந்தேகம் வந்துருச்சு பிரதர், அதான் உப்புது" என்று மறைக்காமல் சொல்லிவிட்டாள். உடனே எல்லோரும் காரணம் தேடினார்கள். வீட்டில் சாவு இல்லை, நோய் இல்லை, பஸ் மெக்கானிக்கான கணவன் குடிப்பதும் இல்லை. யாராவது செத்திருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். காரணமே இல்லாமல் வந்த சந்தேகத்தை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவளோ விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "விசுவாசிக்கிறேன்" என்ற சொல்லுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பாட்டுகளை எல்லாம் முன்பு போலவே உரக்க, சுருதி சேராமல் பாடினாள்.

செயலாளர் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு அங்குலம் தப்பினாலும் அவருக்குத் தூக்கம் வராது. "சந்தேகத்துக்கெல்லாம் மாவு உப்பாது சிஸ்டர், ஈஸ்ட்டுக்குத்தான் உப்பும்" என்று சொல்லி, பேக்கரியில் இருந்த ஈஸ்ட் டப்பாக்களை எல்லாம் சபை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் கடையில் பன் இல்லை. அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள், தன் வீட்டிலிருந்தே மாவு கொண்டுவந்து, அவளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பிரசங்க மேடையிலிருந்த பெரிய வேதாகமத்தையும் தூக்கி வந்திருந்தார். அதை ஒரு துணியில் சுற்றி, தேய்த்த மாவின் மேல் பாரமாக வைத்தார். சபையில் அதைவிடக் கனமான பொருள் வேறு இல்லை. கால் மணி நேரத்தில் வேதாகமம் அவருடைய தாடை மட்டத்துக்கு வந்துவிட்டது. அவர் அதை இறக்கி, துணியில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேக்கரி மேஜை சரிவாக இருக்கிறது என்று சொன்னார்.

அதன்பின் சபைக் கமிட்டி அவளிடம் அப்பம் வாங்குவதை நிறுத்தி, தொலைவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து காகிதம் போன்ற அப்பங்களைப் பெட்டியில் வரவழைத்தது. அவள் திருவிருந்துக்கு முழங்கால் போட்டதும் உள்ளே இருந்தவை உப்பி, பெட்டியின் மூடி தானாகக் கழன்று விழுந்தது. கமிட்டிக்குப் பொறுமை போய்விட்டது. பீடத்துக்கு முன் நின்று விசுவாசிக்கிறேன் என்று அவள் சொல்லும்வரை அவளுக்கு அப்பம் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கலாமே என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். "வீட்ல இருந்தா யார்கூட சண்டை போடறது? ஆண்டவரே, இருக்கீங்களான்னு கேக்கணும்னா அவர் வீட்டுக்குத்தானே வரணும்?" என்று கேட்டாள்.

மூன்று வருஷம் போயிற்று. ஒவ்வொரு முதல் ஞாயிறும் இஸ்திரி போட்ட உடையில் வந்து, முழங்கால் போட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று. அவமானமாக இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது அழுதாள். அவள் கேட்டது அந்த ஒரு துண்டு அப்பம்தான், வேறெதுவும் இல்லை. கணவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வாயேன். யாரு உள்ள வந்து பாக்கப் போறா?" என்றான். "அதை வாங்கப் போறதும் இந்த வாய்தாங்க. பொய்யை அடைச்சு வெச்சுக்கிட்டு எப்படி வாங்கறது?" என்றாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரங்களை அவனே துலக்க ஆரம்பித்தான்.

இதற்கிடையில் போதகருக்குத் தோள்வலி வந்தது. நீட்டிய கைகளைத் தாண்டித் தட்டை நகர்த்தும்போது மட்டும் வலிக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சாதுவான மனிதர், கமிட்டி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே பழகியவர். முப்பத்தேழாவது மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர் கை அவளைத் தாண்ட மறுத்து நின்றுவிட்டது.

"விசுவாசிக்கிறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலை ஐயா." கடைசி பெஞ்சு வரை கேட்டது. "ஆனா பசிக்குது. மூணு வருஷமா பசிக்குது."

அவர் விரலிடுக்கில் இருந்த அப்பம் சூடாகி, உள்ளங்கை நிறைய உப்பியது. பின்னாலிருந்து செயலாளர் இரண்டு தடவை இருமினார். போதகர் திரும்பிப் பார்த்து, "தீர்மானத்துல பசியைப் பத்தி ஒண்ணும் எழுதலையே பிரதர்" என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே அவள் கையில் வைத்தார். அவள் அவசரப்படாமல் முழுவதையும் தின்று முடித்தாள். அதுவரை சபை காத்திருந்தது. அன்றோடு தோள்வலி போய்விட்டது.

இப்போது அப்பம் மறுபடியும் அவளிடமிருந்துதான் வருகிறது. தட்டு போதாமல் பெரிய தட்டு வாங்கினார்கள். வெட்டுவதற்கு ரம்பம் போன்ற கத்தி ஒன்றும் வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை செயலாளர் உறுப்பினர் படிவத்தோடு பேக்கரிக்குப் போய், விசுவாசம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். "அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்கிறாள் அவள். அவர் 'பதில் ஆண்டவரிடம் சொல்லப்படும்' என்று அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு, வரும் ஞாயிறு தனக்கு ஓரத்துத் துண்டாகப் பார்த்து வெட்டச் சொல்லிவிட்டுப் போகிறார்.