சேனை வைத்த கை

பேரையூர் ஆட்டு வியாபாரி பேயாண்டி, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர். அந்தக் கைக்குள் போனது எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரமில்லை. அப்பேர்ப்பட்ட கைதான் தங்கை கனகாவின் மகனுக்குச் சேனை வைத்தது. பிள்ளை பிறந்த அன்று, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, தாய்மாமன் உரிமை என்று சீனித்தண்ணீரைத் தொட்டு நாக்கில் தடவிவிட்டார். சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது ஊர் வழக்கு.

மறுநாள் பிள்ளை பச்சை பச்சையாகக் கக்கியது. வயிறு உப்பியது. ஒரு துளிகூட வெளிக்குப் போகவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"வாங்குறத வாங்கிக்கிட்டு ஒண்ணையும் வெளிய விடமாட்டேங்குது. வேற யாரு குணம் இது?" என்றாள் பேயாண்டியின் மனைவி சோணையம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எந்த விலைக்கும் எதிர்விலை சொல்கிற மனிதர் ஆபரேஷன் அறை வாசலிலேயே குந்திவிட்டார். ஆபரேஷன் முடிந்து டாக்டர் தமிழ்வாணி வந்ததும்தான் கேட்டார்: "நான் வச்ச சேனைதான் அடைச்சிருச்சாம்மா?"

"இல்லண்ணே. கருவுலயே குடல் ஒரு இடத்துல மூடிப்போயிருக்கு. அதை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிருக்கோம். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிராது. பச்சப்புள்ள வாயில தாய்ப்பால் தவிர ஒண்ணும் வைக்கக் கூடாது. இனிமே அவன் வெளிக்குப் போகணும். போனாத்தான் தச்ச இடம் வழி விட்டுச்சுன்னு அர்த்தம்."

"எம்புட்டு நாளாகும்?"

"ஏழு நாள்கூட ஆகலாம்."

"நாலுல முடிச்சுக் குடுங்கம்மா."

"இது சந்தையில்லண்ணே."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சு."

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐந்து நாளும் போயிற்று. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு முதலில் சேவல்தான் நேர்ந்திருந்தார் பேயாண்டி. ஐந்தாம் நாள் ராத்திரி அது கிடாயாயிற்று. ஆறாம் நாள், மந்தையிலேயே பெரிய கிடாய். தன் விலையைத் தானே ஏற்றியது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

ஏழாம் நாள் காலையில் நர்ஸ் சகாயமேரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க மருமகன் ஆய் போயிட்டான்! துணி, விரிப்பு, என் கை ஒண்ணையும் விடல!"

பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார். வாசலில் காத்துக் கிடந்த அத்தனை பேருக்கும், முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து, டீ. ஆளுக்கு ரெண்டு வடை.

சோணையம்மாள் வடையைக் கடிக்காமல் அவரையே பார்த்தாள்.

"ஏங்க, நீங்க அவனுக்குச் சேனை வச்சீங்களா, இல்ல அவன் உங்களுக்கு வச்சானா?"